யாரிடமிருந்து மறைப்பது? உலாவி பற்றிய வாசகர் கேள்விகள்

கைத்தொலைபேசியில் கடவுச்சொற்களைப் பேணுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடவுச்சொல்லை விட்டு, இணையத்தைத் திறந்து காட்டும் உலாவியைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே விடயத்தைச் சுற்றி வந்த ஆறு கடிதங்களை எடுத்து இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் தாயாருக்குக் காலில் ஆறாத நீரிழிவுப் புண் இருக்கிறது. ஓர் இரவு அதைப் பற்றித் தொலைபேசியில் தேடி வாசித்தேன். மறுநாளிலிருந்து செய்தி வாசிக்கப் போனாலும் சமையற்குறிப்பு பார்க்கப் போனாலும் சர்க்கரை நோய் விளம்பரங்களே வருகின்றன. வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டத் திறந்தபோதும் அதுவே வந்தது. தொலைபேசியுடன் வந்த குரோமைத்தான் பாவிக்கிறேன். உலாவியை மாற்றினால் இது நிற்குமா? எதற்கு மாறுவது?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் தாயாரின் நோய் உங்கள் வீட்டுக்குள் இருக்கவேண்டிய செய்தி. அது வகுப்பறைவரை வந்ததில் உங்கள் பிழை எதுவும் இல்லை. உலாவியை மாற்றினால் இதில் பெரும்பகுதி நிற்கும். முழுவதும் நிற்க இன்னும் இரண்டு மூன்று வேலைகள் செய்யவேண்டும்.

1994 ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுலி என்பவர், ஒரு தளத்துக்கு மீண்டும் வருபவர் முன்பு வந்தவர்தான் என்று அந்தத் தளம் அடையாளம் காண்பதற்காகக் குக்கி என்னும் சிறு குறிப்பை உருவாக்கினார். அந்த அளவில் அது தேவையான ஒன்றே. குக்கி இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் புதிதாக உள்நுழையவேண்டியிருக்கும். சிக்கல் வேறிடத்தில் தொடங்கியது. நீங்கள் வாசிக்கும் ஒரு பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அதன் விளம்பரங்களும், வருகையை எண்ணும் நிரல்களும், பகிர்வதற்கான பொத்தான்களும் வேறு நிறுவனங்களிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவையும் தத்தம் குக்கியை உங்கள் தொலைபேசியில் வைக்கின்றன. நீங்கள் மருந்துக்கடைக்கும் புடவைக்கடைக்கும் கோயிலுக்கும் போகும்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரே ஆள் நின்று தன் கொப்பியில் உங்கள் பெயருக்கு நேரே குறித்துக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. இரவில் புண்ணைப் பற்றி வாசித்ததையும் காலையில் சமையற்குறிப்பு பார்த்ததையும் சேர்த்துத் தைப்பது அந்தக் கொப்பிதான்.

அப்பிள் நிறுவனத்தின் சபாரி, இந்த வெளியார் குக்கிகளை 2020 மார்ச்சில் முற்றாக நிறுத்தியது. மொசில்லாவின் பயர்பொக்ஸ் 2019 செப்டம்பரிலிருந்து, அறியப்பட்ட பின்தொடரும் நிரல்களை எவரும் கேட்காமலே தடுக்கத் தொடங்கியது. 2022 இல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிச் சாடியில் அடைத்து, ஒரு சாடியில் இருப்பதை இன்னொரு தளம் பார்க்கமுடியாதபடி செய்தது. கூகுள் நிறுவனமோ குரோமில் இரண்டு ஆண்டுகளுக்குள் இவற்றை ஒழிப்பதாக 2020 ஜனவரியில் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. காரணத்தை ஊகிக்கவேண்டியதில்லை. 2023 இல் அதன் தாய் நிறுவனத்துக்கு வந்த வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. குரோம் பாதுகாப்பற்றது என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து புக முயலும் திருடனைத் தடுப்பதில் அது மிக வலிமையானது. நீங்கள் கேட்பது திருடனைப் பற்றி அல்ல, விளம்பரம் விற்பவரைப் பற்றி. அந்தக் கேள்விக்கு விளம்பரத்தால் வாழும் நிறுவனத்தின் உலாவி நல்ல விடையாகாது.

உங்கள் அன்ட்ரொய்ட் தொலைபேசிக்குப் பயர்பொக்ஸையே சொல்வேன். பிளே ஸ்டோரில் அதை இறக்கியபின், அதன் பட்டியலில் நீட்சிகள் (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்) என்னும் பகுதிக்குச் சென்று யூபிளொக் ஒரிஜின் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் வருமுன்னரே தடுக்கும் இலவச நீட்சி இது. தடுக்கப்பட்டவை இறங்காததால் உங்கள் டேட்டாவும் மிஞ்சும். கைத்தொலைபேசிக் குரோமில் நீட்சிகளைச் சேர்க்கவே இயலாது. கணினிக் குரோமிலும் நீட்சிகளுக்கான விதிகள் மாற்றப்பட்டதால் 2025 இல் இந்த நீட்சியின் முழு வடிவம் இயங்காமற் போயிற்று. பிறகு தொலைபேசியின் செட்டிங்ஸில், இயல்புச் செயலிகள் என்ற இடத்தில் உலாவியாகப் பயர்பொக்ஸைத் தெரிவுசெய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால், வரும் இணைப்புகள் எல்லாம் பழையபடி குரோமிலேயே திறக்கும்.

எதையும் சேர்க்காமல் இறக்கியவுடன் பாவிக்க விரும்பினால் பிரேவ் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியவரும் மொசில்லாவைத் தொடங்கியவர்களில் ஒருவருமான பிரெண்டன் ஐக் இதன் நிறுவுநர்களில் ஒருவர். தடுப்பு இதில் தொடக்கத்திலிருந்தே உள்ளது. ஆயினும், சில கிரிப்டோ நாணயப் பரிமாற்றத் தளங்களின் முகவரியைத் தட்டச்சு செய்யும்போது தனக்குத் தரகு கிடைக்கும்படியான இணைப்பை அது தானாகச் சேர்த்தது 2020 இல் வெளிப்பட்டு, அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பயர்பொக்ஸுக்கும் குறை உண்டு. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகுள் தரும் பணமே. உங்கள் தரவை ஒருபோதும் விற்கமாட்டோம் என்று முன்பு எழுதியிருந்த வாக்கியத்தை 2025 தொடக்கத்தில் அது அகற்றியபோது நெடுநாட் பாவனையாளர் பலர் மனம் நொந்தனர். நானும் அவர்களில் ஒருவன். இருந்தும் பயர்பொக்ஸைச் சொல்கிறேன், ஏனெனில் அதன் மூலநிரல் எவரும் வாசிக்கக்கூடியதாகத் திறந்திருக்கிறது; தடுப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கையில் இருக்கிறது.

இனி மிச்ச வேலைகள். கூகுள் கணக்கில் உள்நுழைந்தபடி தேடியிருந்தால் அந்தத் தேடல் கூகுளின் பதிவில் இருக்கும். கணக்கின் 'எனது செயற்பாடு' பகுதிக்குச் சென்று அன்றைய இரவின் பதிவை அழியுங்கள். இனி நோய் நொடியைப் பற்றித் தேடும்போது, தேடுபவரைப் பின்தொடராத டக்டக்கோ போன்ற தேடுபொறியைப் பாவியுங்கள். அன்ட்ரொய்டின் செட்டிங்ஸில் கூகுள் பகுதியின்கீழ் விளம்பரங்கள் என்ற இடத்தில் விளம்பர அடையாள எண்ணை நீக்க வழியிருக்கிறது. செயலிகள் உங்களைப் பின்தொடர்வது பெரும்பாலும் அந்த எண்ணால்தான். பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: பேஸ்புக் செயலிக்குள் ஓர் இணைப்பைத் தொட்டால் அது உங்கள் உலாவியில் திறப்பதில்லை, பேஸ்புக் தனக்குள் வைத்திருக்கும் உலாவியிலேயே திறக்கிறது. பயர்பொக்ஸில் நீங்கள் எவ்வளவு தடுத்தாலும் அங்கே அது செல்லாது. வெளி உலாவியில் திறக்கும்படி பேஸ்புக்கின் அமைப்புகளில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இன்கொக்னிற்றோ சாளரத்தைத் திறந்தால் போதும், எவருக்கும் எதுவும் தெரியாது என்று விடுதி நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– பல்கலைக்கழக மாணவர், ஒலுவில்

பதில்: உங்கள் அறைத் தோழருக்குத் தெரியாது என்ற அளவில் உண்மை. அந்தச் சாளரத்தை மூடியதும், எந்தெந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்ற பதிவும் குக்கிகளும் உங்கள் கருவியிலிருந்து நீங்கும். இறக்கிய கோப்புகள் நீங்கா. நீங்கள் செல்லும் தளமும், விடுதியின் வைபையை நடத்துவோரும், தொலைபேசி நிறுவனமும் பார்ப்பது முன்போலவே தொடரும். பக்கத்தின் முகவரி எச்.டி.டி.பி.எஸ் என்று தொடங்கினால் பக்கத்தின் உள்ளடக்கம் அவர்களுக்குத் தெரியாது என்றாலும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பொதுவாகத் தெரியும்.

உங்கள் நண்பர்களைக் குறைசொல்ல முடியாது. உலகெங்கும் பலர் அப்படித்தான் நம்பினர். அந்தச் சாளரத்திலும் தங்கள் தரவைக் கூகுள் திரட்டியது என்று அமெரிக்காவில் 2020 இல் பாவனையாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2024 ஏப்ரலில் வெளியான இணக்கத்தின்படி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதற்கோ, எவருடையவை என்று அறியமுடியாதபடி மாற்றுவதற்கோ கூகுள் உடன்பட்டது. அதே ஆண்டில் அந்தச் சாளரத்தின் அறிவிப்பு வாசகமும் திருத்தப்பட்டு, தளங்கள் தரவைத் திரட்டும் முறை இதனால் மாறாது என்பது வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. அடுத்த முறை அதைத் திறக்கும்போது முழுவதும் வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: டேட்டா மிச்சம் என்பதால் பல வருடங்களாக ஒபேரா மினி பாவிக்கிறேன். வங்கிக் கணக்கையும் அதிலேயே பார்க்கிறேன். கூடவே ஓர் இலவச வீபீஎன்னும் வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்புத்தானே?
– சிறு விடுதி நடத்துபவர், பொத்துவில்

பதில்: வங்கியை இன்றே அதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒபேரா மினி டேட்டாவை மிச்சப்படுத்துவது எப்படி என்று அறிந்தால் காரணம் விளங்கும். அதன் மிகக் கூடிய சேமிப்பு முறையில், நீங்கள் கேட்ட பக்கத்தை ஒபேரா நிறுவனத்தின் சேர்வர்களே முதலில் திறந்து, சுருக்கி, பிறகு உங்களுக்கு அனுப்புகின்றன. உங்களுக்கும் வங்கிக்கும் இடையே இறுதிவரை மூடியிருக்கவேண்டிய கடித உறை நடுவில் ஓரிடத்தில் பிரிக்கப்பட்டு மீண்டும் ஒட்டப்படுகிறது என்பதே இதன் பொருள். செய்தி வாசிப்பதற்கு அதனால் தீங்கில்லை. சமிக்ஞை மெலிந்த கரையோரத்தில் அதன் பயனையும் நான் அறிவேன். வங்கிக்கு வங்கியின் சொந்தச் செயலியையோ, முன் சொன்ன பயர்பொக்ஸையோ பாவியுங்கள்.

வீபீஎன் பற்றி (உங்கள் இணையப் போக்குவரத்தை இன்னொருவரின் சேர்வர் வழியாக அனுப்பும் செயலி அது): 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டபோது, வெளிநாட்டிலுள்ள உறவினருடன் பேசும் அவசரத்தில் இலங்கையில் ஏராளமானோர் கிடைத்த இலவச வீபீஎன்னை இறக்கிக்கொண்டனர். அவற்றிற் பல இன்னும் தொலைபேசிகளில் கிடக்கின்றன. வீபீஎன் உங்கள் நடமாட்டத்தை உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து மறைக்கிறது. ஆனால் அதே நடமாட்டம் முழுவதையும் வீபீஎன் நடத்துபவரின் கண்முன் வைக்கிறது. அந்த ஆளுக்கு நீங்கள் பணம் எதுவும் கொடுக்கவில்லை என்றால், சேர்வர்களின் செலவை அவர் எங்கிருந்து ஈட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். விடை தெளிவாகக் கிடைக்காத வீபீஎன்னை அகற்றிவிடுவதே என் ஆலோசனை.

கேள்வி: கட்டாரிலிருந்து மகன் ஐபோன் அனுப்பியிருக்கிறார். அதிலும் பயர்பொக்ஸ் போடவேண்டுமா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், காத்தான்குடி

பதில்: கட்டாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களைத் தவிர, ஐபோனில் ஓடும் எல்லா உலாவிகளும், பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் அப்பிளின் வெப்கிட் இயந்திரத்தின் மேலேயே கட்டப்படவேண்டும் என்பது விதி. ஆகவே சபாரியையே வைத்துக்கொண்டு, அதன் அமைப்புகளில் 'தளங்களுக்கிடையே பின்தொடர்வதைத் தடு' என்பது இயக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சபாரியிலும் தேடுபொறி கூகுளாகவே இருக்கும். அந்த இடத்துக்காகக் கூகுள் அப்பிளுக்கு 2022 இல் மட்டும் 2,000 கோடி டொலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. அதே அமைப்புகளில் அதை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: நான் அச்சகத்தில் 30 வருடங்கள் எழுத்துக்கோத்தவன். குக்கியை எல்லாம் தினமும் அழிக்கிறேன். அதற்குப் பிறகும் என்னை அடையாளம் காண முடியும் என்று பேத்தி சொல்கிறாள். எப்படி?
– ஒரு வாசகர், கல்லடி

பதில்: உங்கள் பேத்தி சொல்வது சரி, அதிலும் உங்கள் கணினியை அடையாளம் காண்பது மற்றவர்களுடையதைவிட எளிது. அதற்குக் காரணம் உங்கள் தொழில்.

ஒரு தளம் உங்கள் உலாவியிடம் சில விபரங்களைக் கேட்கலாம்: திரை எவ்வளவு அகலம், எந்த மொழி, எந்த நேர வலயம், எந்த வரைகலைச் சில்லு, என்னென்ன எழுத்துருக்கள். தனித்தனியே பார்த்தால் எதுவும் இரகசியமில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கைவிரல் அடையாளம் போல ஆகிவிடுகிறது. குக்கியை அழிக்கலாம், இதை அழிக்க முடியாது. எலக்ட்ரொனிக் புரொன்டியர் பவுண்டேஷன் என்ற அமெரிக்க உரிமை அமைப்பு 2010 இல் ஏறத்தாழ 470,000 உலாவிகளைச் சோதித்தபோது, அவற்றுள் 83.6 சதவீதமானவை வேறெந்த உலாவியோடும் ஒத்துப்போகாத தனி அடையாளம் உடையவையாக இருந்தன.

இப்போது உங்கள் கணினியை எண்ணிப் பாருங்கள். நேர வலயம் கொழும்பு, மொழி தமிழ். இந்த இரண்டிலேயே உலகக் கூட்டத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. அதற்குமேல் பாமினி எழுத்துரு இருக்கிறது. யுனிகோட் வருமுன் நம் அச்சகங்களையும் அலுவலகங்களையும் தாங்கிய எழுத்துரு அது. இன்றும் பழைய கோப்புகளைத் திறக்க அது வேண்டும். பாமினி இருக்கிறதா என்பதை அறிய ஒரு தளம் உங்களிடம் கேட்கவேண்டியதில்லை: பார்வைக்குத் தெரியாத ஓர் இடத்தில் ஒரு சொல்லை அந்த எழுத்துருவில் எழுதச் சொல்லி, அகலத்தை அளக்கும். அகலம் மாறினால் எழுத்துரு இருக்கிறது. அச்சகத்துக்காக நீங்கள் வருடக்கணக்காகச் சேர்த்த அபூர்வ எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் இவ்வாறே உங்களைத் தனியே எடுத்துக் காட்டும்.

எழுத்துருக்களை அழிக்கச் சொல்லமாட்டேன். அவை உங்கள் உழைப்பு. அவற்றைத் தளங்களுக்குக் காட்டாத உலாவியைப் பாவியுங்கள். சபாரி, கணினியோடு வந்த எழுத்துருக்களை மட்டுமே தளங்களுக்குக் காட்டும். பிரேவும் எழுத்துருப் பட்டியலை மறைக்க முயல்கிறது. பயர்பொக்ஸில் பின்தொடர்வுத் தடுப்பைக் 'கடுமையான' என்ற நிலைக்கு மாற்றினால் கூடுதல் காப்புக் கிடைக்கும். நீட்சிகளை வகைவகையாகச் சேர்க்காதீர்கள், அவையும் அடையாளத்தைக் கூட்டும். மேற்சொன்ன அமைப்பு நடத்தும் கவர் யுவர் ட்ராக்ஸ் என்ற சோதனைத் தளத்தில், மாற்றத்துக்கு முன்பும் பின்பும் உங்கள் உலாவியைச் சோதித்துப் பார்க்கலாம்.

எல்லோரையும் ஒரே தோற்றத்தில் காட்டுவதையே நோக்கமாகக் கொண்டது டோர் உலாவி. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் 1990களில் தோன்றிய வழிமுறை அதன் அடிப்படை. உங்கள் கோரிக்கை மூன்று இடைநிலையங்களைத் தாண்டிப் போவதால், எங்கிருந்து வந்தது என்பதைத் தளமும், எங்கே போகிறது என்பதைத் தொலைபேசி நிறுவனமும் அறியா. அதற்கான விலை வேகம். தன்னிடம் செய்தி தந்தவரைக் காக்கவேண்டிய ஊடகவியலாளருக்கு அது தேவை. தினசரி பத்திரிகை வாசிக்க உங்களுக்கு வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் கணினி இல்லை. உயர்தரப் பெறுபேறு வந்தபின், மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நகரிலுள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையில்தான் நிரப்பினோம். மின்னஞ்சலும் அங்கேயே திறந்தார்கள். இதில் பயப்பட ஏதும் உண்டா?
– ஒரு தாய், கொக்கட்டிச்சோலை

பதில்: இந்தக் கடிதத்தை வாசித்தபோது சில வருடங்களுக்கு முன் நான் கண்ட ஒன்று நினைவுக்கு வந்தது. பிரதி எடுக்கப் போன ஒரு கடையில், கணினியில் ஓர் ஆவணத்தைத் திறக்கச் சொன்னேன்; உலாவியைத் திறந்ததும் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் அஞ்சற்பெட்டி எழுந்து வந்தது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய கடவுச்சீட்டுப் படமும் மருத்துவ அறிக்கையும் மேலேயே கிடந்தன. கடைக்காரத் தம்பி கெட்டவர் அல்லர்; வரிசை நீண்டிருந்ததால் எவரும் வெளியேறவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு அது இன்றுவரை தெரிந்திராது.

ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் கவனிக்கவேண்டும். நம் பகுதியில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தக் கடைகளே இணையத்தின் வாசல். அங்கே உங்களைப் பார்ப்பது விளம்பர நிறுவனம் அல்ல, உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்பவர். ஆகவே மேலே பெருமை குறைத்துச் சொன்ன இன்கொக்னிற்றோ சாளரம்தான் இங்கே சரியான கருவி. வேலையைத் தொடங்குமுன், "தம்பி, இன்கொக்னிற்றோவில் திறந்து தாங்கோ" என்று கேளுங்கள். எந்தக் கடையிலும் மறுக்கமாட்டார்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, சாளரத்தை மூடி, இறக்கிய கோப்புகளை டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள்.

படிவத்தில் ஒருமுறை எழுதிய விபரங்களைச் சாதாரண சாளரம் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் அதே கட்டத்தைத் தொடும்போது கீழே நீட்டும். இது சிறு விடயமாகத் தோன்றலாம். உங்கள் மகளின் புதிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள்: முதல் நான்கு எண்கள் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அந்த ஒரு கட்டத்திலிருந்தே அவர் பெண் என்பதும் பிறந்த திகதியும் தெரிந்துவிடும். பிறந்த திகதியையே கடவுச்சொல்லாக வைப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நடந்து முடிந்ததற்கும் வழி இருக்கிறது. மகளின் மின்னஞ்சல் கூகுளுடையது என்றால், உங்கள் தொலைபேசியிலேயே அவருடைய கணக்கைத் திறந்து, பாதுகாப்பு என்ற பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்பதைப் பாருங்கள். எந்தெந்தக் கருவிகளில் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது என்ற பட்டியல் அங்கே வரும். கடையின் கணினி அதில் இருந்தால், அதைத் தொட்டு அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம். கடைக்குத் திரும்பப் போகவேண்டியதில்லை. பிறகு கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். பல்கலைக்கழக அனுமதி பற்றிய செய்திகள் அந்த மின்னஞ்சலுக்கே வரும் என்பதால், இதை இன்று இரவே செய்துவிடுவது நல்லது.